கருப்பொருள் நீக்கிய காதல்

திராட்சைத் தோட்டத்துக் கல்யாணப் புகைப்படங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கவிதைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட வாழ்க்கையில் ஒரு தடவை, கணிசமான பணம் கொடுத்து, ‘கவித்துவமானது’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளும் படிமம் ஒன்று உண்டென்றால் அது கல்யாண ஆல்பம்தான். கவித்துவம் என்ற சொல்லுக்கு இன்று உலகில் புழங்கும் அர்த்தத்தை நிர்ணயிப்பது நூறு பிரதி விற்காத நம் தொகுதிகள் இல்லை, அந்த ஆல்பங்கள். நாம் பாடுபட்டுக் காப்பாற்றுகிற ஒரு சொல்லை வேறு ஒரு சரக்கின் மேல் லேபிளாக ஒட்டி விற்கும்போது, சரக்கைப் பிரித்துப் பார்ப்பது விமர்சகன் வேலை. அதை இங்கு செய்கிறேன்.

பொதுவாகப் பேசினால் விஷயம் நழுவிவிடும். ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணம். ஸ்டெல்லன்பாஷ், ஃப்ரான்ஷூக், கான்ஸ்டான்ஷியா என்று திராட்சைப் பண்ணைகள் நிறைந்த பிரதேசம். பல பண்ணைகள் ஒயின் விற்பதோடு கல்யாணங்களையும் நடத்துகின்றன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் தம்பதிகள் வருகிறார்கள். அங்கு எடுக்கப்படும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை, ஒன்றைப் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்தவன். இரண்டு கொடிவரிசைகளுக்கு நடுவே, நெற்றியோடு நெற்றி சேர்த்து ஒரு ஆணும் பெண்ணும். பின்னால் தாழ்ந்த சூரியன். பெண்ணின் முக்காட்டுத் துணியைக் காற்று தூக்குகிறது. தலைமுடியின் ஓரங்களில் பொன் கோடு. தூரத்தில் நீலச்சாம்பல் மலை; அதன் கீழே வெள்ளையடித்த, வளைந்த முகப்பு கொண்ட பழைய டச்சுக்காரன் வீடு. படம் முழுக்க ஒரு தேன் நிறம். வேறு ஒரு மனிதப் பிறவி கிடையாது.

இதில் கைத்திறன் இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு படம் எடுப்பது லேசான காரியமில்லை. வெள்ளை உடையின் மடிப்பும் தெரியவேண்டும், கறுப்புக் கோட்டின் தையலும் தெரியவேண்டும், முகம் இருண்டுவிடவும் கூடாது. அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பொன்வேளை என்கிறார்கள். அப்போது வெளிச்சம் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிவிட, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. நிழல் நீள்கிறது, தோல் மிருதுவாகிறது. 85 மில்லிமீட்டர் லென்ஸை 1.4-க்கு அகலத் திறந்தால் கூர்மை ஒரு மெல்லிய தகடு அளவுக்கே நிற்கும். தம்பதியின் இமை தெளிவாக இருக்க, அவர்களுக்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்து வண்ணக் குழம்பாகிவிடும். அந்த மங்கலுக்கு ‘பொக்கே’ என்று ஜப்பானிய மொழியிலிருந்து வந்த ஒரு பெயரும் இருக்கிறது. மிச்சம் மீதி ஏதாவது தெரிந்தால், சொட்டுநீர்க் குழாயோ, பழம் அள்ளும் பிளாஸ்டிக் கூடையோ, டிராக்டரின் சக்கரமோ, அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம்.

இந்தக் கைத்திறன் எதற்குச் செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். நீக்குவதற்கு. லென்ஸ் நீக்குகிறது, கோணம் நீக்குகிறது, கம்ப்யூட்டர் நீக்குகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் கடிகாரம் நீக்கிவிடுகிறது. கேப்பில் திராட்சை அறுவடை ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் தாண்டியும் போகிறது. கல்யாணப் பருவமும் அதே கோடைதான். ஆனால் பழம் சூடேறக் கூடாது என்பதற்காகப் பறிப்பு விடியலில் தொடங்குகிறது. சில இடங்களில் இரவிலேயே விளக்கு வைத்துப் பறிக்கிறார்கள். பறித்தவர்கள் லாரி ஏறிப் போன பிறகுதான் பொன்வேளை வருகிறது. வெளிச்சத்தின் அழகுக்காகத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஒரு மணி நேரம், உழைத்தவன் கண்ணில் படாத நேரமாகவும் அமைந்துவிடுகிறது. சௌகரியமான தற்செயல்.

வரிசையின் தலைப்பில் நிற்கும் ரோஜாச் செடிகள் இந்தப் படங்களில் தவறாமல் இடம்பெறும். காதலுக்கென்றே நட்டு வைத்தது போல இருக்கும். அந்தச் செடிகளுக்குப் பழைய விவசாயிகள் கொடுத்த வேலை வேறு. சாம்பல் நோய் கொடியைப் பிடிக்குமுன் ரோஜாவைப் பிடிக்கும், அதைப் பார்த்துக் கந்தகம் தூவலாம் என்பது அவர்கள் கணக்கு. காவலுக்கு நின்ற செடி இன்று அலங்காரத்துக்கு நிற்கிறது. இது சின்ன விஷயம். ஆனால் அந்தப் படத்தில் உள்ள எல்லாமே இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கிறது: தன் காரியத்திலிருந்து பிடுங்கப்பட்டு, தம்பதியின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருக்கிறது.

சரி, இந்தத் தோட்டத்திலிருந்து நீக்கப்பட்டது என்ன? குழாயும் கூடையும் மட்டுமா? கல்யாணம் என்ற விஷயத்துக்கும் இந்தத் தோட்டங்களுக்கும் உள்ள பழைய உறவும்தான்.

யான் வான் ரீபெக் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கேப்பில் வந்து இறங்கியது 1652-இல். 1655-இல் கொடி நட்டார். 1658-இல் இரண்டு கப்பல் நிறைய அடிமைகள் வந்து சேர்ந்தார்கள். 1659 பிப்ரவரி 2 அன்று கேப்பின் திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழியப்பட்டது. இந்த வரிசையை மாற்றாமல் படியுங்கள்: கொடி, அடிமை, ஒயின். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் சுமார் 63,000 பேர் அடிமைகளாக அங்கு கொண்டுவரப்பட்டார்கள் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஜாவா, சுலவேசி தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் போக, ஏறக்குறைய கால்பங்கு இந்தியக் கரைகளிலிருந்து போனவர்கள். அவர்களுடைய பெயர்கள் பிடுங்கப்பட்டு, ஏற்றிய கரையின் பெயர் ஒட்டப்பட்டது: வான் பெங்காலன், வான் மலபார், வான் கொரமாண்டல். கடைசிப் பெயர் நம் சோழமண்டலக் கரைதான். அந்தக் கொடிகளுக்கு மண் வெட்டியவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த மனிதர்களுக்குக் கேப்பில் சட்டப்படி கல்யாணம் கிடையாது. சேர்ந்து வாழலாம், பிள்ளை பெறலாம், பிள்ளை எஜமானின் சொத்துக் கணக்கில் ஏறும். புருஷன் பெண்டாட்டி என்று சட்டம் சொல்லாது. 1823-இல்தான், அதுவும் கிறிஸ்தவர்களாகிவிட்ட அடிமைகளுக்கு மட்டும், மணந்துகொள்ளும் உரிமை பிரகடனம் மூலம் வந்தது. 1834-இல் அடிமைமுறை ஒழிந்தது என்றார்கள். இன்னும் நான்கு வருஷம் ‘பயிற்சிக் காலம்’ என்று கட்டிவைத்துவிட்டு 1838 டிசம்பர் 1 அன்றுதான் விட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1913 மார்ச்சில் அதே கேப்பின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியக் கல்யாணங்களை ஏற்க முடியாதென்ற தீர்ப்பை எழுதினார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிமார்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை என்றாயிற்று. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனது அந்தப் போராட்டத்தில்; 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில், சிறையில் வந்த காய்ச்சலால் இறந்தாள். நாம் அவள் பெயரைக் கட்டிடங்களுக்கு வைத்திருக்கிறோம். கல்யாணம் என்ற உரிமையும் அந்தப் போராட்டத்தின் ஒரு நியாயமாக இருந்தது என்பதைச் சௌகரியமாக மறந்திருக்கிறோம்.

1949-இல் கலப்பு மணத் தடைச் சட்டம் வந்தது. வெள்ளையர் வெள்ளையரல்லாதவரை மணப்பது குற்றம். 1985-இல்தான் அது ரத்தானது. இஸ்லாமிய முறைக் கல்யாணங்களைக் கல்யாணங்களாகவே கருதாத சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஜூனில். கேப் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்த அடிமைகளின் வம்சம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 1823-இல் தொடங்கிய விவகாரம் இருநூறு வருஷம் நடந்திருக்கிறது.

யார் யாரை மணக்கலாம் என்று மூன்றரை நூற்றாண்டு சண்டை நடந்த ஒரு மண்ணில், கல்யாணம் என்ற சொல்லுக்கு எப்பேர்ப்பட்ட கனம் இருக்கவேண்டும்! இன்று அந்தக் கொடிவரிசைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு மாப்பிள்ளையும் வெள்ளைப் பெண்ணும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெற்றோர் காலத்தில் இதே காட்சிக்குப் போலீஸ் வந்திருக்கும். படத்தில் இருக்கும் மிகப் பெரிய செய்தி அதுதான். பொன்வேளை அந்த இருவரின் தோலையும் ஒரே தேனில் முக்கி எடுத்துவிடுகிறது. பிறகு கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் மஞ்சள். சரித்திரத்தின் முதுகில் ஏறி நிற்கும் இரண்டு மனிதர்கள், சரித்திரமே இல்லாத இரண்டு பொம்மைகளாகி வெளிவருகிறார்கள். இதற்கு ரொமாண்டிக் என்று பெயர்.

‘உமக்குக் கல்யாண வீட்டிலும் ஒப்பாரி கேட்கவேண்டுமா?’ என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஒப்பாரி யாரும் கேட்கவில்லை. புகைப்படம் புகைப்படமாக இருக்கட்டும் என்கிறேன். 1844 முதல் 1846 வரை தவணை தவணையாக வந்த ‘இயற்கையின் பென்சில்’ என்ற புத்தகத்தில், புகைப்படக்கலையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டால்பட் ஒரு விஷயத்தை வியப்போடு பதிவு செய்கிறார்: எடுத்தவன் எடுக்கும்போது கவனிக்காத பல பொருள்கள் படத்தில் விழுந்திருப்பதை அவனே பிற்பாடுதான் கண்டுபிடிக்கிறான். ஓவியனுக்கு இது நேராது. அவன் தீட்டாதது திரையில் இருக்காது. தன்னிச்சையாக வந்து விழும் இந்த உபரிதான் புகைப்படத்தின் தனிச் சொத்து. 1931-இல் புகைப்படத்தின் சுருக்க வரலாற்றை எழுதிய வால்ட்டர் பென்யமினும் பழைய படங்களில் தேடியது இதைத்தான்: எடுத்தவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அவனை மீறி உள்ளே வந்துவிடும் நிஜத்தின் ஒரு பொறி. அதே கட்டுரையில் சிறுவன் காஃப்காவின் ஸ்டூடியோப் படத்தைப் பற்றிச் சொல்கிறார். தொட்டிச் செடிகளும் பனையோலைகளும் வைத்த போலித் தோட்டம், ஜரிகை மிஞ்சிய சட்டை. அத்தனை ஜோடனைக்கு நடுவே அந்தப் பையனின் கரைகாணாத சோகம் கொண்ட கண்கள். ஜோடனையால் கண்ணை ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் ஊர் ஸ்டூடியோக்களை நினைத்துப் பாருங்கள். தாஜ்மகால் எழுதின படுதா, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பிளாஸ்டிக் பூ. அதற்கு முன்னால் விறைத்து நிற்கும் புதுத் தம்பதி. படுதா தன்னைப் படுதா என்று ஒப்புக்கொண்டது. அதன் சுருக்கம் தெரிந்தது, அடியில் சிமெண்டுத் தரை தெரிந்தது. ஆகவே முகம் முகமாக மிஞ்சியது: பயம், வெட்கம், கடன் வாங்கிப் போட்ட சங்கிலியின் மேல் வைத்த கை. தென்னாப்பிரிக்காவின் சாண்டு மொஃபோகெங் (1956–2020) இப்படிப்பட்ட படங்களைத்தான் வீடு வீடாகத் தேடித் திரட்டினார். 1890-க்கும் 1950-க்கும் இடையில் கறுப்புக் குடும்பங்கள் தாங்களே காசு கொடுத்து ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்ட படங்கள். கோட்டும் தொப்பியுமாக, படுதாவுக்கு முன்னால். அவற்றைத் துடைத்துக் காட்சிக்கு வைத்து, இவர்கள் யார், யாருக்காக இப்படி நின்றார்கள் என்று கேட்டார். கேள்வி கேட்க அந்தப் படங்களில் இடம் இருந்தது. திராட்சைத் தோட்டத்துப் படத்தில் நேர்மாறான காரியம் நடக்கிறது. நிஜமான மலை, நிஜமான கொடி, நிஜமான வீடு எல்லாவற்றையும் படுதாவாக்கியிருக்கிறார்கள். சுருக்கம் இல்லாத படுதா. அதில் எதுவும் தற்செயலாக வந்து விழ அனுமதி கிடையாது. டால்பட் கண்டு வியந்த அந்த ஒன்றே ஒன்றை ஒழிப்பதற்காக ஒரு தொழிலே நடக்கிறது, அதற்குப் புகைப்படம் என்றே பெயர்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: புகைப்படக்காரன் கூலிக்கு வேலை செய்கிறவன், கேட்டதைக் கொடுக்கிறான், அவனிடம் போய்க் கலை தர்மம் பேசுவது அநியாயம். கூலிக்கு வேலை செய்வது கலைக்குத் தடை என்று சொல்ல நான் தயாரில்லை. வெலாஸ்க்கெஸ் ராஜாவிடம் சம்பளம் வாங்கினவர். கேப்பில் கொடி நட்ட மறு வருஷம், 1656-இல், அவர் இளவரசியைத் தீட்டச் சொன்ன இடத்தில், பணிப்பெண்களையும் குள்ளர்களையும் நாயையும் வாசற்படியில் நிற்பவனையும் தூரிகையோடு நிற்கும் தன்னையும் சேர்த்துத் தீட்டினார். ராஜாவும் ராணியும் பின்சுவரில் ஒரு கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறார்கள். அரண்மனையை அரண்மனையாக்குகிற ஆட்களை அவர் படத்திலிருந்து வெளியேற்றவில்லை. கூலி கொடுத்தவனும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? திராட்சைத் தோட்டம், அஸ்தமனம் இரண்டையும் வைத்தே ஒரு ஓவியம் இருக்கிறது. 1888 நவம்பரில் வான்கா ஆர்லில் தீட்டிய ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’. இன்று மாஸ்கோவில் இருக்கிறது. வலது மேல் மூலையில் பெரிய மஞ்சள் சூரியன், ஈரத் தரையில் அதன் பிரதிபலிப்பு, வானமே மஞ்சள். புகைப்படக்காரர்கள் தவம் கிடக்கும் அதே பொன்வேளை. அதற்குக் கீழே, சிவந்த கொடிகளுக்குள், குனிந்து பறிக்கும் பெண்கள், கூடைகள், ஒரு வண்டி. குனிந்த முதுகுகளால் அந்தச் சூரியன் அழகு குறைந்துவிடவில்லை. அது எதன் மேல் விழுகிறது என்று தெரிவதால்தான் அந்த மஞ்சள் நம்மை அடிக்கிறது. 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அதைக் காசு கொடுத்து வாங்கினவர் ஆன்னா போக் என்ற ஓவியர். வாங்க ஆளிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம் பொருளாதாரம் பேசுகிறவர்களிடமிருந்து வரும்: கல்யாணங்களால் பண்ணை பிழைக்கிறது, பண்ணையால் தொழிலாளி பிழைக்கிறான். பிழைக்கட்டும். ஆனால் எப்படிப் பிழைத்தான் என்பதும் பதிவில் இருக்கிறது. கூலியின் ஒரு பங்கை மட்ட ஒயினாகவே, ஒரு நாளில் பல தடவை, ஊற்றிக் கொடுக்கும் ‘டொப்’ முறை அடிமைக் காலத்தில் வேர்விட்டு, சட்டம் தடுத்த பிறகும் 1990-கள் வரை சில பண்ணைகளில் நடந்தது. கருவிலேயே மதுவால் ஊனப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக அதிகமாகக் கண்டறியப்பட்ட பகுதிகளில் மேற்குக் கேப்பும் ஒன்று. 2011-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை அந்த மாகாணத்துப் பழத்தோட்ட, ஒயின் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றியது: வேலையிடத்தில் கக்கூஸும் குடிநீரும் இல்லாதது, பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்தில் நிற்பது, குடியிருப்பிலிருந்து துரத்தப்படுவது. 2012 நவம்பரில் டி டூர்ன்ஸ் என்ற ஊரில், சாப்பாட்டுத் திராட்சை விளையும் பள்ளத்தாக்கில், தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 69 ராண்ட். 150 கேட்டார்கள். போராட்டம் மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. கொடிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. 2013 மார்ச்சிலிருந்து 105 ராண்ட் ஆயிற்று. அந்தச் செய்திப் படங்களிலும் திராட்சைக் கொடிகள் இருந்தன, மலை இருந்தது, பொன்னிறம் இருந்தது. அது நெருப்பின் பொன்னிறம். கல்யாண ஆல்பத்தில் இருப்பதும் அதே நிலம்தான் என்று சொன்னால் நம்பக்கூட மாட்டோம். அந்த அளவுக்கு அந்த நிலத்தை நாம் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறோம்.

இங்கே நம் இலக்கணத்திலிருந்து ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர்கள் மனப்பாடம் செய்துவைத்து மழுங்கடித்த கருவி. அகப்பாட்டுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றும் வேண்டும் என்றார்கள். நிலமும் பொழுதும் முதல். காதலின் நிலைகள் உரி. நடுவில் கரு: அந்த நிலத்து மக்கள், அவர்கள் தொழில், உணவு, பறை, விலங்கு, மரம், தெய்வம். பொன்வேளைப் படத்தை இந்த மூன்றால் அளந்து பாருங்கள். நிலம் இருக்கிறது, சிறுபொழுதுகூடத் துல்லியமாக இருக்கிறது, எற்பாடு. புணர்தல் இருக்கிறது. கரு இல்லை. செடி மட்டும் மிஞ்சியிருக்கிறது; மக்களும் தொழிலும் உணவும் பறையும் போய்விட்டன. நம் பழைய கவிகள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. குறிஞ்சித் தலைவி தலைவனைச் சந்திப்பது தினைப்புனத்தில். அவள் அங்கே உலாவ வரவில்லை, கிளி ஓட்ட வந்தவள். வேலைக்கு வந்த இடத்தில் காதல் வருகிறது. தினை அறுவடையானால் வேலை முடியும், சந்திப்பும் முடியும். காவல் என்ற வேலையை எடுத்துவிட்டால் அந்தக் காதலுக்கு நேரமும் இல்லை, ஆபத்தும் இல்லை, தவிப்பும் இல்லை.

இது நம் தனிப் பெருமை என்று மார்தட்டவும் வேண்டாம். மேற்கத்தியக் கல்யாணங்களில் விரும்பி வாசிக்கப்படும் வேதப் பகுதிகளில் ஒன்று பழைய ஏற்பாட்டின் உன்னதப்பாட்டு. அதன் நாயகி யார்? வெயிலில் கறுத்துப்போன பெண். சகோதரர்கள் கோபத்தில் அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பியதால் கறுத்தவள். பாதிரியார் அதை வாசிக்க, சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தம்பதி படம் எடுக்கத் தோட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே கறுத்த காவல்காரி இருந்துவிடக் கூடாது என்பதில்தான் கேமராக்காரர் கவனமாக இருக்கிறார். தினைப்புனம் காத்தவளும் திராட்சை காத்தவளும் காதலிகளாக இருந்த கவிதைகளை மனித குலம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பாதுகாத்து வைத்திருக்க, அதே காவல்காரிகளைத் துடைத்துவிட்டு எடுத்த படத்துக்குக் கவித்துவம் என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரை நான் ஏற்க மாட்டேன்.

பரிகாரம் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஒரு பரிகாரம் பார்த்தார்கள். தென் மாநிலங்களின் பழைய அடிமைப் பண்ணைகளில் கல்யாணம் நடத்துவது அங்கே ஒரு மோஸ்தர். 2019 டிசம்பரில், ஒரு சிவில் உரிமை அமைப்பின் வற்புறுத்தலுக்குப் பிறகு, பின்டரெஸ்ட் போன்ற நிறுவனங்கள் அப்படிப்பட்ட படங்களையும் அவற்றைப் புகழும் விளம்பர வார்த்தைகளையும் கட்டுப்படுத்துவதாக அறிவித்தன. நல்லதுதான். ஆனால் இதுவும் ஒரு நீக்கம். முதலில் படத்திலிருந்து அடிமையை நீக்கினார்கள், இப்போது பார்வையிலிருந்து படத்தை நீக்குகிறார்கள். இரண்டாவது நீக்கம் முதலாவதைச் சரி செய்துவிடாது.

திராட்சைத் தோட்டத்தில் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிமைகளின் பேரப்பிள்ளைகளே இன்று அந்த வெள்ளை வீடுகளின் முற்றத்தில் மாலை மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய நியாயம் என்ன இருக்க முடியும்? அப்படியானால் அந்த வீடு படத்தில் கூர்மையாகத் தெரியட்டும், தேனில் கரைய வேண்டாம். பழைய பண்ணைகள் சிலவற்றில் அடிமைகளை வேலைக்குக் கூப்பிட்ட மணி இன்னும் தன் தூண்களுக்கிடையில் தொங்குகிறது. அதை அழகான வளைவு என்று நினைத்து அதன் கீழ் முத்தமிடுவது ஒரு படம். அது என்ன மணி என்று தெரிந்துகொண்டு அதன் கீழ் நிற்பது வேறு ஒரு படம். இரண்டுக்கும் லென்ஸ் ஒன்றுதான். ஃப்ரான்ஷூக் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 2005-இல் திறந்த சிறிய அருங்காட்சியகத்தில், அங்கு உழைத்த அடிமைகளின் பெயர்களைச் சுவரில் எழுதிவைத்தார்கள். ஒயின் ருசி அதனால் கசந்துபோனதாகத் தெரியவில்லை.

இழப்பு யாருக்கு என்றும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளிக்கு அந்த ஆல்பத்தில் இடமில்லாததால் புதிதாக ஒரு நஷ்டமும் இல்லை. அவன் இதைவிடப் பெரிய நஷ்டங்களைப் பார்த்தவன். ஏமாந்தவர்கள் அந்தத் தம்பதிதான். நாற்பது வருஷம் கழித்து அவர்கள் மகள் அந்த ஆல்பத்தைத் திறக்கிறாள். இது எந்த வருஷம், எந்த ஊர், அன்று யார் கோபித்துக்கொண்டு போனார், யார் பாத்திரம் தேய்த்தார், அம்மாவின் செருப்பில் எந்த மண் ஒட்டியிருந்தது என்று தேடுகிறாள். படுதாவுக்கு முன்னால் விறைத்து நின்ற பாட்டியின் படத்தில் அவளுக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு இதில் கிடைக்காது. இதே வெளிச்சத்தில், இதே சாய்வில், இதே மங்கலில் எண்ணற்ற பெண்கள் நின்றிருக்கிறார்கள். தன் தாயை அடையாளம் காண அவளுக்கு முகம் மட்டும்தான் உதவும், அந்த முகத்தையும் மெருகேற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, நம்மவர்களுக்கு. நாம் கேமரா தூக்குவதில்லை. ஆனால் அகலத் திறந்த லென்ஸ் நம்மிடமும் இருக்கிறது. இன்று சிறுபத்திரிகைகளில் அச்சாகும் காதல் கவிதைகளில் மழை பெய்கிறது, மரம் நிற்கிறது, அந்தி வருகிறது, ‘நீ’ வருகிறாய், ‘நான்’ கரைகிறேன். அந்த மரம் யார் வீட்டு மரம், அந்த வயலில் அன்று களை எடுத்தது யார், அந்த அந்தியில் எந்த பஸ் போயிற்று என்று கேட்டால், கவிதைக்கு அதெல்லாம் பாரம் என்கிறார்கள். பின்னணி மங்கலாக இருப்பதைப் பூடகம் என்றும், ஆள் இல்லாமல் இருப்பதை மௌனம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆல்பக்காரராவது காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்.

கவித்துவம் என்ற சொல்லை அவரிடமிருந்து திரும்பக் கேட்க நமக்கு யோக்கியதை வேண்டுமானால், நம் கவிதைகளுக்குள் முதலில் அந்தக் கிளி ஓட்டுகிறவளை வர விடவேண்டும். அவள் வேலையோடு வரட்டும்.